பேரிங் குண்டும் சிவப்புக் கோடும்

அன்புத் தம்பி ஆணிக்கு,

அக்கா எழுதுகிறேன். சட்டைப்பை நிறைய ஆணியோடு திரிந்தவனை வேறெப்படிக் கூப்பிடுவது? ஏழு வருடம் பேசாதவள் திடீரென்று எழுதுகிறாளே என்று பதறாதே. நானும் உன் அத்தானும் நலம்தான்.

டிராக்டரை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். மட்கார்டில் நீ கட்டிவிட்ட சைக்கிள் கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று ஒரே ஒரு நாள் சொன்னேன், மறுநாளே கட்டினாய். அதோடு விட்டாயா? டிராக்டருக்குப் பின்னால் மண்ணைச் சமன்படுத்தும் பலகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று நான் இறங்கி இறங்கிப் பார்க்கக் கூடாதாம். ஒரு கண்ணாடி டியூபை வில்லாக வளைத்து, எண்ணெய் ஊற்றி, உள்ளே ஒரு பேரிங் குண்டைப் போட்டுப் பலகையின் மேல் கட்டினாய். பலகையை டிராக்டர் கொட்டகைத் தரையில் படிய இறக்கி, குண்டு நின்ற இடத்தில் என் நெயில் பாலிஷால் கோடு போட்டாய். குண்டு கோட்டில் நின்றால் மட்டம், விலகினால் பலகையின் சாய்வை மாற்றும் கைப்பிடியைச் சுற்று, அவ்வளவுதான் என்றாய். பாதி பாட்டிலைத் தீர்த்துவிட்டாயே என்று கத்தினேன். நீ சிரித்த சிரிப்பு, கொட்டகைக்குள் போனால் இப்போதும் கேட்கிறது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். குண்டை நம்பி ஓட்டிய வயலில் தண்ணீரெல்லாம் ஒரே மூலைக்கு ஓடியது. மறுபாதி காய்ந்து போச்சு. நான் டியூபைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்து, வயலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "நீ கை வச்சது எதுடா உருப்பட்டிருக்கு?" என்று கேட்டேன். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை கொட்டகையில் என்ஜின் ஆயில் மாற்றும்போது தட்டு கவிழ்ந்தது. ஆயில் நேரே இடது சுவரைப் பார்த்து ஓடியது. எனக்குச் சுருக்கென்றது. தளம் போட்ட அன்று, கழுவுகிற தண்ணீர் வெளியே போக இடது பக்கம் சரிவு வையுங்கள் என்று கொத்தனாரிடம் சொன்னதே நான்தான். நீ அப்போது வெளியூரில் இருந்தாய். உன்னிடம் சொல்லவே இல்லை. வயல் கெட்டபோதும் எனக்கு ஞாபகம் வரவில்லை, பார். சாய்ந்த தரையை மட்டமென்று நம்பி நீ கோடு போட்டிருக்கிறாய்.

டியூபை உன் அத்தான் அன்றே பொறுக்கி ஆணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை, அழுத்தக்காரர். அதைப் பழையபடி பலகையில் கட்டி, கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பலகையை மட்டமாக்கிப் பார்த்தோம். குண்டு உன் கோட்டுக்குக் கட்டைவிரல் அகலம் தள்ளி நின்றது. அந்த இடத்தில் டேப் ஒட்டி அதே வயலைச் சமன் செய்தேன். நேற்றுத் தண்ணீர் விட்டோம். நாலு மூலையிலும் ஒரே அளவாக நின்றது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் தூசியா என்று கேட்டார் உன் அத்தான்.

தப்பு என்னுடையதுடா. அன்று என் பேச்சைக் கேட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் நாலு தாளைக் கிழித்தேன், இது ஐந்தாவது.

டேப் வெயிலில் உரிகிறது. அதே சிவப்பில் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், மூடியைத் திறக்கவில்லை. கோடு நீதான் போட வேண்டும். முழு பாட்டிலையும் தீர்த்தாலும் கத்த மாட்டேன். எங்கிருந்தாலும் நல்லா இரு கண்ணு. ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் வாய்த்துடுக்கு அக்கா