உத்தரத்தில் தொங்கும் மஞ்சள் கொத்து

அன்பு மகளே,

எங்களிடம் சொல்லாமல் நீ மெடெஜின் நகரத்தில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா உன் பெயரை எடுப்பதில்லை.

நம் தோட்டத்தில் மிலென்ராமாச் செடிகள் பூத்துவிட்டன. முழுதாக விரியும் முன் வெட்டினால் துவண்டுவிடும் என்று அப்பா எல்லோரையும் விரட்டினார். பிறகு நல்ல மஞ்சள் கொத்தாகப் பார்த்து அவரே வெட்டி, அடுப்படி உத்தரத்தில் தலைகீழாகக் காயக் கட்டினார்.

பூ வாங்க வந்த எடில்மா அந்தக் கொத்தை அப்பாவிடம் விலைக்குக் கேட்டாள்.

"அது விக்கிறதுக்கில்ல. கல்யாணப் பொண்ணு கையில பிடிக்கிறதுக்கு."

"எப்பக் கல்யாணம், தொன் ஹெனாரோ?"

"அது முடிஞ்சு போச்சு. பச்சப் பூன்னா ஒரு வாரத்துல வாடிரும். இது அவ வர்ற வரைக்கும் நிறம் மாறாது."

நான் கேட்டதற்கு மட்டும் "விதைக்கு" என்றார். விதைக்கு யார் பூவிலேயே வெட்டுவார்கள்? நானும் தலையாட்டிவைத்தேன்.

உன் வீட்டுக்காரர் நெட்டையாமே. அடுப்படிக்குள் குனிந்து வரச் சொல். கொத்து இடிபடக் கூடாது.

உன் அம்மா