பொலி குதிரையின் படம்

நாளை உங்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்று நான் என்ன பேசப்போகிறேன்? வகுப்பில் பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவது என் வழக்கம். இங்கும் அப்படியே.

இன்று காலை உங்கள் தம்பி தோ பாயோ அடுக்குமாடியில் என் புது வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு படம். பிரித்ததும் சேணத்துக்குப் பூசும் எண்ணெயின் வாசனை அறைக்குள் பரவியது. பல வருஷம் உங்கள் லாயத்தில், சேணங்களுக்கு நடுவே மாட்டியிருந்த படம் அது. குட்டி எடுக்கவென்று நீங்கள் வாங்கிய ஆண் குதிரை, உங்கள் பொலி குதிரை, கழுத்தை வளைத்து நிற்கிறது. நாளை பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிலர் உங்களைப் பற்றிப் பேசுகிறார்களாம். குதிரைகளைப் பற்றி நான் பேச வேண்டுமாம். ஆஸ்திரேலியாவுக்கு நீங்கள் அனுப்பிய ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவள், சென்னையில் விலங்கியல் படித்தவள், வேறு யாருக்கு அதெல்லாம் தெரியும் என்று கேட்டார். நான் படத்தைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

"பழசையெல்லாம் விட்டுருங்க டீச்சர். மனுஷனே போயிட்டாரு லா," என்றார்.

மனுஷன் போனது எனக்குத் தெரியும். செய்தி வந்தபோது கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன்.

என் தங்கை கமலாவைக் கட்டிக்கொண்ட புதிதில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் சிராங்கூன் ரோடு வீட்டுக்கு வருவீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளிலிருந்து கப்பலில் குதிரை வரவழைத்து, போலோ ஆடுபவர்களுக்கும் சவாரி பழகுகிறவர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்த காலம். அங்கே பண்ணைக்கு ஸ்டேஷன் என்று பெயராம்; ஸ்டேஷன் குதிரை என்பீர்கள் அவற்றை. குட்டை முதுகு, கல்லில் நடந்தாலும் உடையாத குளம்பு, மாடு திரும்பும் முன்பே தான் திரும்பிவிடும் புத்தி. அந்தப் பெண் குதிரைகளோடு, பந்தயத்துக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த தரோபிரெட் பொலி குதிரையைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு இணை இல்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வீர்கள். அதில் தப்பில்லை. பிறந்தவை நல்ல குதிரைகள்தான். நானே பார்த்திருக்கிறேன்.

தப்பு, நீங்கள் பங்கு பிரித்த விதத்தில் இருந்தது. குட்டி நன்றாக ஓடினால் அப்பன் ரத்தம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு வியர்வை நின்றுபோய், மூச்சிரைத்துப் படுத்துவிட்டால் ஆத்தாள் ரத்தம். பொலி குதிரையின் முன்னோரை ஐந்து தலைமுறைக்கு மூச்சுவிடாமல் ஒப்பிப்பீர்கள். ஒருநாள் நான் குறுக்கே புகுந்து, தாய்க் குதிரையின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் குதிரைக்கு ஏது டீச்சர் பேரு?" என்றீர்கள். அப்பா சிரித்தார். குட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வருகிறது என்று நான் சொன்னதற்கு, புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருப்பான் என்று நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகுதான் இந்தப் படத்தில் இருப்பதை வாங்கினீர்கள். ஜோகூரில் ஒரு சிநேகிதரின் நிலத்தில் கட்டி வைத்து, நீங்களே குட்டி எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். முதல் பெண் குதிரை சினை பிடிக்கவில்லை. மலடு என்று விற்றீர்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படியே விற்றீர்கள். மலடு என்றே விற்ற நான்காவதை ஜோகூரிலேயே ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர் வாங்கினார். அது அங்கே வண்டி இழுக்கும் ஒரு நாட்டுக் குதிரையோடு சேர்ந்து, அடுத்த வருஷமே குட்டி போட்டது. சேதி வந்தபோது நானும் இருந்தேன். பொய் சொல்கிறான் என்றீர்கள், அவ்வளவுதான்.

பிள்ளை இல்லை என்று கமலாவைக் கொண்டுவந்து விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவள் உங்களுக்கும் அப்பாவுக்கும் தட்டில் கோப்பி எடுத்து வந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படி அப்பாவிடம் சொன்னீர்கள். "எங்க ரத்தத்துல குறை கிடையாது மாமா. நீங்களே வச்சுக்குங்க." அவள் தட்டைக் கீழே போடவில்லை. உங்கள் முன்னால் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போனாள். நீங்கள் அந்தக் கோப்பியைக் குடித்தீர்கள்.

ஒருவன் இரண்டு பெண்களைக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் அப்போது வரவில்லை. அதே வருஷம் ராஜத்தைக் கட்டினீர்கள். அவளுக்கும் பிள்ளை இல்லை. குறை அவள் தலைக்கு மாறியது. இரண்டு பேர் வந்த பிறகும் உங்களுக்கு ஜோகூர் நினைவு வரவில்லை.

எனக்கு வந்தது. கமலா விவாகரத்து வாங்கி, மனைவியை இழந்த ஒரு கத்தோலிக்க வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, மறு வருஷம் மகனைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் நான் முதலில் நினைத்தது உங்களைத்தான். பையன் நடக்கப் பழகியதும், வேண்டுமென்றே நீங்கள் பூ வாங்கும் கடைப் பக்கம் கூட்டிவந்தேன். எந்த உயிரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பது உங்கள் பழக்கம். பையனின் காலைப் பார்த்தீர்கள். பிறகு முகத்தை. அது அப்படியே கமலாவின் முகம்.

"ஆத்தா ரத்தம்," என்றேன்.

பூவை வாங்காமலே போனீர்கள். அன்று பையனுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஆனால் போதவும் இல்லை. கமலா இன்றும் விருந்தாளிக்குக் கோப்பியைத் தட்டில் கொண்டுவருவதில்லை. ஒவ்வொரு கோப்பையாகக் கையில் எடுத்து வருகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் குடித்து முடித்துக் கவிழ்த்த கோப்பை என் கண் முன்னால் வருகிறது. நீங்கள் செத்தும் அது போகவில்லை.

மத்தியானம் அவளிடம் கேட்டேன், பேசட்டுமா என்று. "உன் இஷ்டம்க்கா. என் பேரு மட்டும் வேணாம்," என்றாள்.

நேற்று இதுவரை எழுதினேன். இன்று நடந்தது இது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டினார்கள். ராஜம் வெள்ளைச் சேலையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் அக்கா அவளுக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "ரெண்டு வந்தும் ஒண்ணும் உருப்படல. என் தம்பி வம்சம் இவளுங்களால நின்னுச்சு."

என் முறை வந்தது. வகுப்பில் பேசுவது போலவே பேசினேன். ஸ்டேஷன் குதிரையோடு தரோபிரெட் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னேன். பிறகு சுவரில் இருந்த குதிரையைக் காட்டி, நான்கு பெண் குதிரைகள் மலடு என்று விற்கப்பட்டதையும், நான்காவது ஜோகூரில் குட்டி போட்டதையும் சொன்னேன். குறை எதில் இருந்தது என்று நீங்கள் கடைசிவரை கேட்கவே இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. உங்கள் தம்பி தரையைப் பார்த்தார். உங்கள் அக்கா வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ராஜம் பின்னால் வந்து நின்றாள்.

"குட்டி போட்டுச்சே டீச்சர், அதுக்கு என்ன பேரு?"

ஸ்டேஷன் குதிரைக்குப் பெயர் கிடையாது என்று அவர் சொல்வார், என்றேன்.

"இருந்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

உள்ளேயிருந்து உங்கள் அக்கா அவளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வெள்ளைச் சேலையோடு படியிறங்கி, தெருவில் எல்லோரும் பார்க்க, பஸ் நிற்கும் இடம்வரை என்னோடு நடந்து வந்தாள்.