நைனாவுக்கு, ஸ்பிரிட்டுக்குச் சீட்டுப் போட்டதைப் பற்றி

தண்ணீரில் நின்றே எங்களை வளர்த்த என் நைனாவுக்கு,

எங்கள் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் வரலாற்றில் இந்தத் திங்கட்கிழமை நிலைத்து நிற்கும். கழுவு தொட்டிக்கு ஒரு மரமூடி போடுவதென்று குழு கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது. மூடிக்குப் பச்சை வண்ணமா, சாம்பல் வண்ணமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. அதற்கு ஒரு துணைக்குழு. இனி குளோரோபார்ம் வாடை மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு ஏறாது. கீழே போவது வழக்கம்போல் கீழே போகும்.

கீழே என்றால் எங்கே என்று உனக்குத் தெரியும். உன் குடலிறக்க ஆபரேஷனின்போது உன் ரத்தம் என் மேசைக்குத்தான் வந்தது. மயக்க மருந்து உடம்பில் எவ்வளவு தங்குகிறது என்று அளப்பது என் வேலை. ரத்தத்திலிருந்து மருந்தைக் குளோரோபார்மில் பிரித்தெடுத்து, பொடி அடைத்த உலோகக் குழாய்க்குள் வேறொரு நச்சுத் திரவத்தோடு தள்ளுவோம். கலந்து போன பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனையில் வெளியே வரும். அளந்து முடிந்ததும் எல்லாம் தொட்டிக்கு.

மறுநாள் வார்டில் நீ கேட்டாய். “இன்னாடா, என் ரத்தத்துல இன்னா பாத்த?”

“மயக்க மருந்து எவ்ளோ நிக்குதுன்னு பாத்தேன் நைனா.”

“பாத்துட்டு?”

“தொட்டில ஊத்திட்டேன்.”

“அது எங்க போவுது?”

“கால்வாய்க்கு.”

“கால்வாயா? அது நம்ம ஏரிக்குத்தான வருது! அப்போ நான் ஊருக்கு, பசியாவரத்துக்குப் போறதுக்குள்ள என் ரத்தம் போய்ச் சேந்துடும்னு சொல்லு. அதுக்கு பஸ்சு டிக்கெட்டும் கெடையாது!”

தையல் வலிக்க நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ சிரித்தது சரி. நான் எதற்குச் சிரித்தேன் நைனா?

நீ கண்ணை மூடிய பிறகு, ஏரியில் உன் முறை வரும் நாளில் தம்பி எத்திராஜ்தான் வலை கட்டுகிறான். போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன். அவன் கால் முழுக்கச் சொறிப் புண். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னான்: “மெட்ராஸ் தண்ணி வந்துச்சினா இறாலு எல்லாம் கெறங்கிப் போவுதுண்ணா. நீதான் மயக்க மருந்து ஆளாச்சே, தெளியிறதுக்கு எதுனா இருந்தா குடு.”

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை என்னால் முடியவில்லை.

கால்வாயில் வாய் வைத்திருப்பது எங்கள் தொட்டி மட்டுமல்ல. பெரிய பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் பங்கு மிகச் சொற்பம் என்கிறார்கள். நானும் அதை மிக நல்ல தமிழில் சொல்லப் பழகியிருந்தேன். எத்திராஜின் காலுக்கு முன்னால் அந்தத் தமிழ் வரவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அதே மருந்தை வெறும் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து அளக்க முடியுமா என்று பார்த்தேன். குழாயைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய முறையில் வந்த அளவே வந்தது. குளோரோபார்ம் வேண்டாம், நச்சுத் திரவமும் வேண்டாம்.

ஆனால் ஸ்பிரிட் என்றால் சாராயம். அனுமதி வேண்டும். கலால் அலுவலகத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“ரத்தம் பார்க்கிறதுக்கு எதுக்கு சார் ஸ்பிரிட்? யார் குடிக்கிறது?”

“மெஷின் சார்.”

“மெஷின் எவ்வளவு குடிக்கும்?”

சொன்னேன். அவர் கொஞ்சம் மலைத்துப் போனார். “சரி, அந்தக் குளோரோபார்முக்கு யார்கிட்ட அனுமதி வாங்குறீங்க?”

“யார்கிட்டயும் இல்ல சார்.”

“பாத்தீங்களா! எவ்வளவு சுலபமா இருக்கு. அதையே வெச்சுக்கிட்டுப் போங்களேன்.”

நடையாய் நடந்து, கடைசியில் மாதத்துக்கு ஒரு கேன் கிடைத்தது. அளந்து பயன்படுத்தினால் மாதம் முழுக்க வரும். தொட்டிக்குக் குளோரோபார்ம் போவது நிற்கும்.

இங்கேதான் உன் பிள்ளை தன் மேதைமையைக் காட்டினான். இருக்கும் ஒரே மெஷினுக்கு டாக்டர்கள் அடித்துக்கொண்டபோது, நம் ஏரியில் மீன்பிடி இடங்களைப் பாடு பிரிப்பதுபோல் சீட்டுப் போட்டு முறை வைத்தவன் நான்தான். யார் பெயருக்குச் சீட்டு விழுகிறதோ அந்த இடம் அன்றைக்கு அவருடையது, கிடைப்பதெல்லாம் அவருக்கு, வேறு யாரும் கை வைக்கக் கூடாது. சண்டை நின்றது. எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பெருமையில் ஸ்பிரிட் கேனையும் அதே சீட்டில் சேர்த்துவிட்டேன்.

முதல் சீட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவு டாக்டர் ஒருவருக்கு விழுந்தது. நல்ல மனிதர், சுத்தத்தில் பிரியம் அதிகம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், பிரிவிலுள்ள கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் கல்யாண வீடு மாதிரி மின்னுகின்றன. கேன் கவிழ்த்து வைத்திருக்கிறது.

“டாக்டர், இது மாசம் பூரா வரவேண்டியது.”

“அப்படியா? கிடைக்கிறதெல்லாம் முறைக்காரனுக்குன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? ஏரிச் சட்டம்னு வேற சொன்னீங்க.”

சொன்னேன்தான். ஏரியில் அடுத்த முறைக்காரன் தன் படகில் உட்கார்ந்து, தனக்கு மிச்சம் விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பான் என்பதைச் சொல்லவில்லை. எனக்கே அது கேன் காலியான பிறகுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீரை விட்டு வந்தவனுக்குச் சட்டம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. உனக்குக் கோபம் வந்திருக்குமா, இல்லை, அதற்கும் சிரித்திருப்பாயா?

நைனா, அடுத்த மாதக் கேனைச் சீட்டில் சேர்க்க மாட்டேன். என் அலமாரியில் பூட்டி, நானே அளந்து ஊற்றித் தருவேன். பாடு முறையை உடைத்தவன் என்று டாக்டர்கள் சொன்னால் சொல்லட்டும். எத்திராஜிடமும் இதை நேரில் போய்ச் சொல்வேன், வலை பிரிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கும்போதே.

இந்த மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இன்று காலை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆறு பேரின் ரத்தம் வந்தது. குளோரோபார்மில் போட்டிருக்கிறோம்.

உன் மூத்த பிள்ளை,
எத்திராஜின் அண்ணன்