மூன்றாம் தாளில் நூறு

ஹெப்பாள், மைசூரு
9 ஜூன் 2025

அன்புள்ள மாதேவிக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. பாப்பா தூங்கினால் நான் சமைக்கிறேன், நான் பேனா எடுத்தால் அவள் எழுந்துவிடுகிறாள்.

நீ ஸ்மார்ட் போனை அப்பாவிடம் கொடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டாயாம், பட்டன் போன் அவசரத்துக்கு மட்டுமாம், தேர்வு முடிகிறவரை எனக்குக் கடிதம்தானாம். இவர் படித்துவிட்டு, "உன் ஃப்ரெண்டுக்கு மண்டை இருக்கு. நீயும் இருக்கியே, பாப்பா பால் குடிக்கிற நேரத்துலகூட போன்ல அந்தக் கோட்டை விளையாட்டை விடறதில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நீ அனுப்பிய படிப்பு அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டியதும் அவர்தான். மோர் எடுக்கப் போனால் உன் கையெழுத்து, மாவு எடுக்கப் போனால் உன் கையெழுத்து.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அந்த முறை என்னுடையது இல்லையா? ஹாஸ்டலில் என் போனை வாங்கி, கோட்டைக்குள் நுழைந்ததும் நேரே ஏழாம் மாடி அரக்கனிடம் ஓடிச் செத்துச் செத்து விழுவாய். "முதல் மாடியை முடி, விளக்கை ஏத்து. அப்புறம் செத்தாலும் அந்த விளக்கு வரைக்கும்தானே பின்னால போவே" என்று சொல்லிக்கொடுத்தது யார்? இப்போது கூட்டுறவு வங்கித் தேர்வை நீ ஏழு மாடியாகப் பிரித்து, மாடிக்கு ஒரு மாதிரித் தாள் வைத்து, பக்கத்தில் விளக்குகூட வரைந்திருக்கிறாய். என் பெயர்தான் எங்கும் இல்லை.

விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

பாப்பாவுக்குப் பதினான்கு மாதம், இன்னும் நடக்கவில்லை. மாடி வீட்டு மனிஷாவின் பையன் பதினொன்றிலேயே நடந்தான். டாக்டர் பயப்படாதே என்கிறார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்வதில்லை.

நானும் அந்தத் தேர்வை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நீ சொன்ன அதே மாதிரித் தாள் புத்தகத்தை வாங்கிவிட்டேன். பார்ப்போம்.

உன்
மோகனப்ரியா

*

ஹனூர்
17 ஜூன் 2025

என் மோகனாவுக்கு,

நீயும் எழுதுகிறாய் என்று படித்ததும் தொழுவத்தில் நின்று கத்திவிட்டேன். மாடு மிரண்டு பால் செம்பை உதைத்தது. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் பெயரைப் போடாதது என் தப்புதான். இப்போது அட்டவணையின் தலையில் போட்டுவிட்டேன், சிவப்பு மையில். லிங்கப்பன் பார்த்துவிட்டு, "பரிச்சைக்குப் படிக்கறயா அக்கா, கல்யாணப் பத்திரிக அடிக்கறயா?" என்றான். தம்பியாகப் பிறந்தவன் வேறென்ன கேட்பான்.

கல்யாணம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கொள்ளேகால் பட்டுக்கடைக்காரர் வீட்டில் கேட்கிறார்கள். பையன் சிவகுமார் நல்லவன் என்கிறார்கள், இருக்கலாம். நான் அப்பாவிடம் ஒரே ஒரு தேர்வு கேட்டு வாங்கியிருக்கிறேன். "இந்தத் தடவ எழுதிக்கோ அம்மிணி. ஆகலைன்னா தையில முடிச்சுப்போடலாம்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை கிடையாது.

நம் விதி இதுதான்: ஒரு மாடி முடிந்தால் அந்தத் தாளைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். விடைப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தி, மார்க்கை அப்படியே மற்றவளுக்கு அனுப்ப வேண்டும். என் முதல் தாள் அறுபத்திரண்டு. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விளக்கு ஏற்றியாயிற்று.

பாப்பா நடப்பாள். என் அத்தை மகள் ஒன்றரை வயதில் நடந்தாள். இப்போது அவளைப் பிடிக்க ஆள் இல்லை.

உன்
மாதேவி

*

ஹெப்பாள்
14 ஜூலை 2025

அன்புள்ள மாதேவிக்கு,

நம் ஹாஸ்டல் சௌம்யாவைக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். கழுத்தில் அட்டை, காதில் பாட்டு. பாப்பாவைக் கொஞ்சினாள், கன்னத்தைக் கிள்ளினாள், பிறகு சொன்னாள்: "மாதேவி சக்கத்தா படிக்கிறாளாமே! நம்ம செட்டுல அவதான்டி எங்கயோ போகப்போறா." ஹாஸ்டலில் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. என் இடுப்பில் குழந்தை இருந்ததால் நான் கண்ணில் படவில்லையோ என்னவோ.

சரி, என் கணக்கு. முதல் தாள் எண்பத்தி நான்கு, இரண்டாம் தாள் தொண்ணூற்றியொன்று. பாப்பா மதியம் தூங்கும் ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம். நினைத்ததைவிட எளிதாக இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் இன்னும் கடை வாசனை அடிக்கிறது, அவ்வளவு வேகம்!

நீ அவசரப்படுகிறாய் என்று நினைக்கிறேன். அறுபத்திரண்டுக்கெல்லாம் விளக்கு ஏற்றக்கூடாது.

உன்
மோகனப்ரியா

*

ஹனூர்
25 ஜூலை 2025

மோகனா,

தபால் அட்டை, அதனால் சுருக்கமாக. தொண்ணூற்றியொன்றா! அப்பாவிடம் காட்டினேன். "கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் இரண்டாம் தாள் அறுபத்தேழு. இனி விடியற்காலை நான்குக்கு எழுகிறேன். தேர்வு மைசூரில்தானே, உன் வீட்டில் தங்குவேன். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போகலாம்.

மாதேவி

*

ஹெப்பாள்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாதேவிக்கு,

மூன்றாம் தாளில் நூறு.

ஆமாம், நூற்றுக்கு நூறு. இவரிடம் சொன்னேன். பாக்டரியிலிருந்து வரும்போது மைசூர்பாகு வாங்கிவந்தார். நீ அனுப்பிய அட்டவணையை எடுத்துவிட்டு என்னுடையதை ஒட்டியிருக்கிறோம்.

உனக்கு ஒரு யோசனை சொல்லட்டுமா? எல்லோருக்கும் எல்லாமும் வராது. ஆட்களை வட்டமாக உட்காரவைக்கும் கேள்விகளில் நீ எப்போதுமே குழம்புவாய். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சுலபமானதை மட்டும் போடேன். தேர்ச்சி மார்க் வந்தாலே போதும் என்று நினைத்துக்கொள்.

பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாள். நிற்கிறாள், அவ்வளவுதான்.

உன்
மோகனப்ரியா

*

ஹனூர்
1 செப்டம்பர் 2025

என் மோகனாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன்.

மூன்றாம் தாளில் எண்பத்தேழாம் கேள்வி. எட்டுப் பேர் வட்ட மேசையில், சிலர் உள்ளே பார்த்து, சிலர் வெளியே பார்த்து. கமலாவுக்கு எதிரே இருப்பவரின் இடப்பக்கம் யார்? எனக்கு ரவி வருகிறது. விடைப் பக்கத்தில் சுதா என்று இருக்கிறது. தாளில் போட்டுப் பார்த்தேன். பிறகு களத்தில் எட்டு மக்காச்சோளக் கதிரை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, முகம் திருப்பிப் பார்த்தேன். அப்பா வந்து நின்று, "ஏனம்மிணி, கதிருக்குப் பந்தி வெக்கறயா? எல அறுத்தாரட்டுமா?" என்றார். சிரிக்க முடியவில்லை. ஏழு தடவை வைத்தேன், ஏழு தடவையும் ரவிதான்.

விடைதான் அச்சுப்பிழையோ என்று முதலில் நினைத்தேன். உனக்கு நூறு வந்திருக்கிறதே. அப்படியானால் சுதாதான் சரி. அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கேள்வியிலும் நம்பிக்கை இல்லை. நான்காம் தாளில் சரியாகப் போட்டதை எல்லாம் அடித்து மாற்றி மாற்றி எழுதினேன். நாற்பத்தொன்பது வந்தது.

கைக்குழந்தையோடு உன்னால் நூறு வாங்க முடிகிறது. எனக்கு நான்கு மணிக்கு எழுந்தும் இவ்வளவுதான் என்றால், என்னால் ஆனது இவ்வளவுதான். விண்ணப்பம் போட இருபதாம் தேதி கடைசி. நான் போடப்போவதில்லை. கொள்ளேகால்காரர்களை வரச்சொல்லும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சந்தோஷமாக இருக்கிறார்.

நீ எழுது. நீ ஜெயித்தால் நான் ஜெயித்த மாதிரிதான். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

உன்
மாதேவி

*

ஹெப்பாள்
16 செப்டம்பர் 2025

மாதேவி,

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. இன்று பதினாறு. பதினொரு நாள் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கடைசிவரை படி.

முதல் நாள் எனக்கு நன்றாகப் பசித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். நீ விட்டுவிட்டாய் என்பதுதான் காரணம். இதைத் திருப்பிப் படிக்காதே, எழுத எனக்கே கூசுகிறது.

நான் ஒரு தாள்கூட எழுதவில்லை. எண்பத்தி நான்கு, தொண்ணூற்றியொன்று எல்லாம் தோன்றிய எண்கள். நூறுக்கு மட்டும் கொஞ்சம் உழைத்தேன். விடைப் பக்கத்தைப் பார்த்து நூறு விடையையும் வரிசையாகக் காப்பியடித்து, சிவப்புப் பேனாவால் டிக் போட்டு, இவரிடம் காட்டினேன். அவர் மைசூர்பாகு வாங்கிவந்தார். நான் சாப்பிட்டேன்.

மூன்று நாளுக்கு முன் இவர், "மாதேவி எந்த மாடியில இருக்கா?" என்று கேட்டார். "விட்டுட்டா" என்றேன். "அய்யோ, அந்தப் பொண்ணா? அவ விடமாட்டாளே!" என்றார். அப்போதும் எனக்கு எரிந்தது. சரி, அந்த எண்பத்தேழாம் கேள்வியை எப்படிப் போடுவது என்று உனக்குப் பாடம் எடுத்து எழுதுவோம், பெரிய மனசுக்காரி மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் முதன்முதலாக ஒரு கேள்வியைப் படித்தேன். பாப்பாவின் அடுக்கு விளையாட்டுக் கிண்ணங்கள் எட்டு இருக்கின்றன. தரையில் வட்டமாக வைத்தேன். பாப்பா கமலாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிடுங்கி வைத்தேன். மறுபடி வைத்தேன். ஐந்து தடவை.

ரவிதான், மாதேவி. விடைப் பக்கம்தான் தப்பு. அந்தத் தாளை யோக்கியமாக எழுதுகிற யாருக்கும் அந்த விடைப் பக்கத்தின்படி தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வராது. நீ ஏழு தடவையும் சரியாகத்தான் வைத்தாய். சரியாக இருந்த உன்னை, எழுதாத ஒரு தாளை வைத்து நான் தப்பாக்கிவிட்டேன்.

போனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் இன்னொரு பொய் சொல்லி மழுப்பிவிடுவேன் என்று தெரிந்தது, வைத்துவிட்டேன். தபாலில் போட்டால் இருபதாம் தேதிக்குள் வருமோ என்னவோ. அதனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கல்மேடையில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பத்தியை எழுதுகிறேன். ஹாஸ்டலுக்கு உன் வீட்டு ரொட்டியைக் கொண்டுவந்து தருவாரே கண்டக்டர் பசவராஜண்ணன், அவர் வண்டிதான். லிங்கப்பனிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறேன், நாலு மணிக்கு ஹனூரில் வாங்கிக்கொள்வான். விண்ணப்பத்தைப் போடு. என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

மோகனப்ரியா

*

ஹனூர்
19 செப்டம்பர் 2025

மோகனப்ரியாவுக்கு,

விண்ணப்பத்தை நேற்றுப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மணி நேரம் வரிசை. கொள்ளேகால்காரர்களை அப்பா தைக்குத் தள்ளிவைத்துவிட்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் மார்க் வரும்போதெல்லாம் எனக்கும் வயிறு எரிந்தது. வீடு, கணவர், குழந்தை எல்லாம் இருக்கிறது, இதிலுமா இவள் முன்னால் போக வேண்டும் என்று. அதனால் நீ பொறாமைப்பட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நூறு என்று படித்தபோதே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. நீ பொய் சொல்லுவாய் என்று நினைப்பதைவிட, நான் மக்கு என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேர்வுக்கு வரும்போது சௌம்யாவின் அறையில் தங்குகிறேன். எனக்கு எழுதாதே. கோபமில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நீ எழுதிய பொய்யே இரண்டு பேருக்கும் போதும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

மாதேவி

*

ஹெப்பாள்
2 நவம்பர் 2025

மாதேவி,

எழுதாதே என்றாய். தேர்வு முடிகிறவரை பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. பதில் வேண்டாம்.

நான் விண்ணப்பமே போடவில்லை. இன்று காலை, சௌம்யாவிடம் இடம் கேட்டுக்கொண்டு, உன் தேர்வு மையத்துக்கு எதிரே, இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். இடுப்பில் பாப்பா. நீ வந்தாய்: பச்சைச் சுடிதார், ஈரம் காயாத பின்னல். நீ யாரையும் தேடவில்லை. வாசலில் இருந்த பெண்கள் எல்லாம் கடைசி நிமிஷம்வரை புத்தகத்தைப் புரட்டினார்கள், நீ உன் புத்தகத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனாய். பாப்பா உன்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவள் யாரைக் கண்டாலும் காட்டுவாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. அங்கே நின்றபோது உனக்கு நன்றாக வர வேண்டும் என்றும் இருந்தது, ஏன் இவளுக்கு என்றும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்தேன். இவரிடம் பாப்பாவைக் கொடுத்து, "ரெண்டு மணி நேரம் கதவைத் தட்டாதீங்க" என்றேன். அவர் நான்கு தடவை தட்டினார். முதல் தாளை எழுதி, திருத்தி, கூட்டி, மறுபடி கூட்டிப் பார்த்தேன். எண் மாறவில்லை.

இப்படிக்கு,
முப்பத்தெட்டு மார்க்
மோகனப்ரியா