இடைவெளியில் பதில் சொல்பவன்

இன்று காலை ஓசூரில் காது டாக்டரிடம் போயிருந்தேன். ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, கனமான ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கூண்டுக்குள் பழைய ஸ்பாஞ்சின் புழுங்கல் வாடை. நம் கிளப் மேடையில் ஸ்பீக்கருக்குப் பின்னால் அடிக்குமே, அதே வாடை. சத்தம் கேட்டது, அழுத்தினேன். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினேன். பரிசோதிக்கிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல," என்றாள்.

உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ செத்து ஒரு வருடமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீ பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேல் ராக் வாசித்தவன். இடுப்புவரை முடி வளர்த்துக்கொண்டு சொந்த ஊரான காவேரிப்பட்டினத்துக்குப் போனபோது, "மாந்தோப்புக்கு ஒரு சோளக்கொல்லை பொம்மை கெடச்சிருச்சு," என்று உன் அப்பா சொன்னதை நீயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்று நின்று உன் இடது காது பாதி போய்விட்டது. மிச்சமிருந்த காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம். இனிமேல் சத்தமாக வாசித்தால் இதுவும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், உன் மனைவிக்கு ஓசூர்ப் பள்ளியில் வேலை கிடைத்த சாக்கில், எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாய்.

ராக்கை விட்டாய், கிடாரை விடவில்லை. "மொதல்ல கத்துக்கிட்டது ப்ளூஸ்தான்டா. மெதுவா வாசிக்கலாம். பொறந்த வீட்டுக்குப் போற மாதிரி," என்றாய். கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சூப்பர்வைசரான நான் பேஸ் கிடார், அதே கம்பெனி பெயின்ட் ஷாப் மஞ்சுநாத் டிரம்ஸ். சிப்காட் பக்கத்து கிளப்பில், சீட்டாட்ட மேஜைகளுக்கும் கோபி மஞ்சூரியன் தட்டுகளுக்கும் நடுவே, சனிக்கிழமை சாயங்காலம் நம் கச்சேரி.

ப்ளூஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரி பாடிவிட்டு நிறுத்த வேண்டும், அந்த இடத்தில் கிடார் பதில் சொல்லும். நீ பாடுவாய், நிறுத்துவாய். ஆனால் உன் கிடார் பதில் சொல்லாது. அந்த இடம் வெறுமனே கிடக்கும். கரண்ட் கட் காலம் அல்லவா, கிளப் செயலாளர் ஒவ்வொரு முறையும் "வோல்டேஜ் போயிருச்சு, வோல்டேஜ் போயிருச்சு" என்று ஜெனரேட்டரைப் பார்க்க ஓடுவார். பாவம், அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் நீ அடுத்த வரியைத் தொடங்கியிருப்பாய். மஞ்சுநாத் ஒருமுறை அந்த வெற்றிடத்தை டிரம்ஸால் நிரப்பப் பார்த்தான். நீ திரும்பிப் பார்த்த பார்வையில் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

கிடார் கம்பி வாங்கப் பெங்களூர் போய்த் திரும்பிய ஒரு மத்தியானம், ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, அந்த எடத்துல ஏன் வாசிக்க மாட்டேங்கற?"

"அதான் வாசிக்கறானே."

"யாரு?"

நீ வலது காதைத் தொட்டுக் காட்டினாய். "சத்தமா வாசிச்ச காலத்துல ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கான்டா. இப்ப நான் நிறுத்தினா பதில் சொல்றான். புது ஆளு. போன வாரம் தப்பா வாசிச்சான். இந்த வாரம் சரி பண்ணிட்டான்."

நீ கிண்டல் செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் முகத்தில் சிரிப்பு இல்லை. நல்ல வெயிலில், நூறு லாரிகளின் ஹாரனுக்கு நடுவில், எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் உன் மனைவி என்னிடம் வந்தார். "அண்ணா, சாப்பிடறப்ப கைய அப்படியே வெச்சிக்கிட்டு எதையோ கேக்கறாரு. சரின்னு தலையாட்டறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, வாசிக்கறத நிறுத்தச் சொல்லுங்க." சொன்னேன். "உங்க ஊர்க்காரங்களுக்குப் பொறுமையே கெடையாது," என்று என் சொந்த ஊரான விருதுநகரையே வம்புக்கு இழுத்துப் பேச்சை மாற்றிவிட்டாய். கொஞ்ச நாளில், நாங்கள் பேசுவது உனக்குப் பாதிதான் கேட்டது. அவன் வாசிப்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது என்றாய்.

கடைசிக் கச்சேரியில் நீ பாடவே இல்லை. வெற்றிடத்தில்தான் வாசித்தாய், பாட வேண்டிய இடமெல்லாம் வெறுமனே கிடந்தது. பாட்டுத் தலைகீழாகிவிட்டது என்று புரிந்தபோது என் விரல் தடுமாறியது. இறங்கியதும், "இப்ப அவன்தான்டா மொதல்ல கேக்கறான். நான் பதில் சொல்றேன்," என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உன் தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதைப் போல.

உனக்குப் பிறகு நான்தான் பாடுகிறேன். வெற்றிடம் வந்தால் பேஸை இரட்டிப்பாக வாசித்து அடைத்துவிடுவேன். பிரஸ் ஷாப்பில் பாதி போன காதுதானே எனக்கும், காதில் இரைச்சல் தொடங்கியபோது மெஷின் மேல் பழியைப் போட்டேன். ஆனால் மெஷினுக்கு ராகம் இருக்காது. ஒரு சனிக்கிழமை இருமல் வந்து நிறுத்தினேன். அந்த இடத்தில் என் காதுக்குள் உன் கிடார் வாசித்தது. உன் வரிகள்தான், ஆனால் பிசிறே இல்லாமல். நீயோ ஒவ்வொரு வரியின் கடைசி சுரத்தையும் கொஞ்சம் தாமதமாக, போக மனசில்லாதவன் போல இழுத்துத்தான் விடுவாய். இதில் அந்த இழுவை இல்லை. இது நீ இல்லை, உன்னிடம் கற்றுக்கொண்டுபோன அவன் என்று புரிந்தது. கோபமாக வந்தது. உன் வாசிப்பை எடுத்துக்கொண்டு உன்னை எங்கே விட்டான்?

போன சனிக்கிழமை வேண்டுமென்றே நிறுத்தினேன். அவன் வாசித்தான். கடைசி சுரம் தாமதமாக வந்தது. மேடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சுநாத் தட்டுவதை விட்டுவிட்டு, "ஏன் சார், உடம்பு சரியில்லையா?" என்றான்.

வந்தது நீதானா, இல்லை அவன் அதையும் கற்றுக்கொண்டுவிட்டானா, எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பழகினால் தெரியும். அதற்குள் இந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மேடையை விட்டுவிட்டு இதைச் சாப்பிட்டால் சத்தம் மெல்லக் குறைந்து நின்றே போய்விடலாம் என்கிறார். நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசினார். நின்றுபோனால் போவது யார் என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்?