நறுக்காத வெங்காயத்தாள்

சனிக்கிழமை காலை வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தபோது உன் மகள் கதவைத் தட்டினாள். ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் நீ இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. அப்பாவைத் தன்னோடு கலிபோர்னியாவில் சன்னிவேலுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறாள். கையில் ஒரு பழைய தயிர் டப்பா.

"ஃப்ரீசர் கிளீன் பண்ணும்போது கிடைச்சது ஆன்ட்டி. ஐ திங்க் இட்ஸ் யுவர்ஸ்."

"என்னோடது இல்லம்மா. உங்கம்மா செஞ்சது."

"ஐ நோ. பட் யுவர் நேம் இஸ் ஆன் இட்."

மூடியில் ஒட்டியிருந்த காகித நாடாவில், உன் சாய்ந்த எழுத்தில், என் பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காபி வேண்டாம் என்று அவள் கிளம்பிவிட்டாள். கையில் வெங்காய நெடியோடு நான் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னிடம் கேட்ட கேள்வி எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். உனக்குத்தான் சொல்லவில்லை.

திருநெல்வேலியில் கல்லூரியில் வேதியியல் நடத்திய நீ, இங்கே கணவரின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக அனுமதியில்லாமல் ஏழு வருடம் வீட்டில் இருந்தாய். நான் ஹூஸ்டனில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், காய்கறிகளில் தங்கிய பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு கட்டுக் கீரையைச் சோதிக்க எவ்வளவு கரைப்பான் ஊற்றுகிறோம், அது எப்படிக் கழிவு டிரம்மில் போய்ச் சேருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னபோது நீ சிரித்தாய். "ஏட்டி, விஷம் இருக்கான்னு பாக்கதுக்கு இன்னொரு விஷத்தையா கொட்டுதிய?"

அடுத்த வாரமே உன் சமையலறை ஆய்வகமாகிவிட்டது. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதிலுள்ள என்சைமைக் காபி வடிகட்டும் காகிதத்தில் ஏற்றி, உலர்த்திப் பட்டைகளாக வெட்டினாய். நிறம் காட்டும் பொடி ஒன்றைத்தான் விலைக்கு வாங்கினாய். காய் ஊறிய தண்ணீரில் பட்டையை நனைத்துப் பொடியைத் தொட்டால் சில நிமிடங்களில் நீலம் வரும். சில வகைப் பூச்சிமருந்து இருந்தால் என்சைம் முடங்கிவிடும், பட்டை வெள்ளையாகவே நிற்கும். டிரம்மில் கொட்ட ஒன்றும் மிஞ்சாது.

நான் நம்பவில்லை. எந்தெந்த மருந்தைப் பிடிக்கும், எவ்வளவு குறைந்தால் தவறவிடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ நம்பாட்டா போ. நீலம் வார வரைக்கும் பக்கத்துல நில்லு, போதும்" என்பாய். நின்றிருக்கிறேன். அடுப்பில் பருப்பு வேக, இரண்டு பேரும் ஒரு காகிதத் துண்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்போம். அப்படி நிற்க எனக்கு இந்த ஊரில் வேறு வீடு அமையவில்லை.

பிறகு உனக்கு வேலை அனுமதி வந்தது. சமூகக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாய். நம்மவர்கள் வீட்டுத் தோட்டக் காய்களை மாற்றிக்கொள்ளக் கராஜில் கூடும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்தக் கல்லூரி ஆசிரியரையும் அழைத்து, மடக்கு மேசை போட்டு உன் பட்டைகளைப் பரப்பினாய். நல்ல காட்டன் புடவை கட்டியிருந்தாய். பல வருடங்களுக்குப் பிறகு வகுப்பறைக்குப் போகிறவளைப் போல இருந்தாய்.

வெண்டை, பாகல், கத்தரி எல்லாவற்றிலும் நீலம் வந்தது. கடைசியாக, யாரும் பெயர் சொல்லாமல் தோட்டத்து ஆன்ட்டி என்றே கூப்பிடும் அந்த அம்மாள் ஒரு கட்டு வெங்காயத்தாளை நீட்டினார். நீ அதை முழுசாகத் தண்ணீரில் போடப் போனாய். தடுத்தது நான்.

"அப்படியே போட்டா எப்படி? எங்க லேப்ல எல்லாத்தையும் அரைச்சுதான் டெஸ்ட் பண்ணுவோம். நல்லா நசுக்கு."

"இதுவரைக்கும் நசுக்கலயே ட்டி."

"அதான் தப்பு."

கல்லூரிக்காரருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தலையசைத்தார். நீ நசுக்கினாய்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடமும் ஆயிற்று. பட்டை வெள்ளையாகவே கிடந்தது.

"ஐயோ, போன வாரம் இவங்ககிட்டதானே வாங்கினேன்!" என்றாள் ஒருத்தி. "ஆர்கானிக்னு சொன்னீங்களே ஆன்ட்டி, நைட்ல ரகசியமா ஸ்ப்ரே பண்றீங்களா?" என்று இன்னொருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "என் வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடறதுல நான் மருந்து அடிப்பேனாம்மா? நீ சொல்லு" என்று உன்னைத்தான் கேட்டார். நீ பட்டையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்த தாளைத் திங்கட்கிழமை எங்கள் பரிசோதனைக்கூடக் கருவியில் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்று மாலை உன்னை அழைத்து, "சுத்தமா இருக்கு. உன் பட்டைதான் தப்பு. மாவுல எடுத்ததை எவ்வளவு தூரம் நம்ப முடியும்?" என்றேன். "சரிட்டி" என்றாய். கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. அதன் பிறகு உன் சமையலறையில் சமையல் மட்டும் நடந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, அலுவலக வேலையாக எதையோ வாசிக்கும்போது அந்த வரி கண்ணில் பட்டது. வெங்காயம், பூண்டு போன்றவற்றை நசுக்கினால் அவற்றிலிருந்து வரும் காரமே என்சைமை முடக்கிவிடும், முழுதாகத்தான் ஊறவைக்க வேண்டும் என்றிருந்தது. நறுக்காத வெங்காயம் கண்ணைக் கரிக்காது. அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரிந்த விஷயம் இது. உன் கை சரியாகத்தான் போயிருக்கிறது. அன்று வீடு திரும்பும்போது உன் வீட்டுக்கான எக்ஸிட்டில் திரும்பாமல் ஃப்ரீவேயில் நேராகப் போனேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் நாளையாகவே இருந்தது.

மருத்துவமனையில் நீயே கேட்டாய். முடியெல்லாம் போய், குரல் மட்டும் மாறாமல் இருந்தது. "ஏட்டி, அந்தத் தாளு ஏன் நீலமாவல? நீ எதுவும் யோசிச்சியா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? ஜூஸ் குடி" என்றேன்.

குடித்தாய். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

உன் மகள் போன பிறகு டப்பாவைத் திறந்து, நீ செய்த பட்டைகளில் ஒன்றை வெறும் தண்ணீரில் நனைத்து, அடியில் குப்பியில் இருந்த பொடியைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை. இத்தனை வருடத்தில் என்சைம் செத்துவிட்டது. உன் பட்டைகளால் இனி எதையும் நிரூபிக்க முடியாது. பொடி மட்டும் கெடாமல் இருந்தது. கோதுமை மாவைக் கரைத்தேன், வடிகட்டினேன், மின்விசிறிக்கு அடியில் காகிதத்தை உலர்த்தினேன். ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாக உன் வேலையை என் கையால் செய்தேன்.

மறுநாள் தோட்டத்து ஆன்ட்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். உன்னை நினைவிருக்கிறது.

"அந்தப் பொண்ணு மறுநாளே வந்து இந்த வாசல்ல நின்னு அழுதுது. தப்பு என்னுதுதான் ஆன்ட்டின்னுச்சு."

"அவ தப்பு இல்ல ஆன்ட்டி. நசுக்கச் சொன்னது நான்."

"இதை இப்ப என்கிட்ட வந்து சொல்றியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பின்பக்கம் போய் ஒரு கட்டு வெங்காயத்தாளைப் பறித்து வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் நசுக்கிய தாள், மற்றதில் வேர்கூட நறுக்காத தாள். இரண்டு பட்டைகளையும் நனைத்துப் பொடியைத் தொட்டேன். நசுக்கியது அன்று போலவே வெள்ளையாகக் கிடந்தது. மற்றதும் முதலில் வெள்ளைதான். போய் உட்காரலாம் என்று தோன்றியது. உட்காரவில்லை. ஓரத்தில் லேசாகத் தொடங்கி, பட்டை முழுவதும் நீலம் பரவும் வரை பக்கத்திலேயே நின்றேன்.