செப்பில் ஒரு சிட்டிகை சர்க்கரை

புதுநகரம்
12.1.2025

அன்பு மகள் ஹஃப்ஸாவுக்கு அத்தாவின் ஸலாம்.

மூணாற்றுக் குளிரில் காதைக் கட்டிக்கொண்டுதானே தேயிலை ஃபேக்டரிக்குப் போகிறாய்? ஹாஸ்டலில் ஃபோனுக்கு ரேஞ்ச் கிடைக்காததால் எழுதுகிறேன். முதலமடை மாங்காய் வியாபாரி அஷ்ரஃப் மச்சான், மகன் இர்பானுக்கு உன்னைக் கேட்டு, செப்பில் சந்தனம் வைத்து அனுப்பியிருக்கிறார். இத்துடன் வருகிறது. நம் சொந்தத்தின் வழக்கம் தெரியுமல்லவா? சம்மதமென்றால் சர்க்கரை போட்டுத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் காலியாக. நல்ல இடம் கண்ணு, யோசி.

உன் அத்தா,
கமால்

மூணாறு
17.1.2025

பிரியமுள்ள அத்தாவுக்கு,

யோசித்துவிட்டேன். இர்பான் நல்லவர்தான். ஆனால் அவர் அம்மா போன மாசம் என்னைப் பார்த்தபோதே, "நிக்காஹ் முடிஞ்சா வேலை கீலையெல்லாம் வேண்டாங் கண்ணு" என்று சொல்லிவிட்டார். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்ல இப்போதுதான் பழகியிருக்கிறேன். விட மாட்டேன். செப்பைக் கழுவித் துடைத்துக் காலியாக அனுப்புகிறேன்.

அறைத்தோழி பின்சி கேட்கிறாள், இந்தக் குட்டிப் பித்தளை டப்பாவுக்கு ஏன் செப்பென்று பெயர்? பாத்திரக் கடைக்காரர் மகளுக்குத் தெரியவில்லை, மானம் போகிறது. எழுதுங்கள்.

உங்கள் ஹஃப்ஸா

புதுநகரம்
24.1.2025

மகளே,

ஆதியில் செம்பில் செய்தார்கள், அதனால் செப்பு. அப்புறம் மரம் வந்தது, பித்தளை வந்தது, நம் கடையில் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

இனி ஒரு வம்பு. செப்பை மச்சான் வீட்டுக்குக் காலியாக அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். உன் அம்மாவோ, "அடுத்த ஊட்டுப் பாத்திரத்த வெறுசாவா குடுக்கறது?" என்று கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுவிட்டாள்! அங்கே பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று. இவள் அழுகிறாள். பள்ளிவாசல் வரை சேதி போய்விட்டது. மச்சானிடம் எந்த முகத்தோடு பேசுவேன்? இதுவே அல்லாஹ்வின் நாட்டமென்று இருந்துவிடலாமா?

கமால்

மூணாறு
29.1.2025

அத்தா,

அம்மாவை அழ வேண்டாமென்று சொல்லுங்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபமெல்லாம் உங்கள் மேல்தான். செம்பு போய்ப் பித்தளை வந்தும் செப்பு செப்புதான் என்று எழுதிய கை, என் பதிலை மட்டும் சர்க்கரை மாற்றிவிடுமென்று எப்படி எழுதியது? யார் எதைப் போட்டாலும் நான் சொன்னது மாட்டேன்தான். நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால், ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே முதலமடைக்குப் போவேன்.

ஹஃப்ஸா

புதுநகரம்
5.2.2025

என் ஹஃப்ஸாவுக்கு,

நீ பஸ் ஏற வேண்டாம். இன்று நானே போனேன். "மச்சான், அந்தச் செப்பக் கொஞ்சம் எடுத்தாங்க" என்றேன். சர்க்கரை அப்படியே இருந்தது. உள்ளங்கையில் தட்டி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்ணா, உங்களுக்குச் சுகர் இருக்குதுங்களே!" என்று இர்பானின் அம்மா பதறினார்.

காலிச் செப்பை மூடி மச்சான் கையில் வைத்தேன். "இதுதானுங்க எம் புள்ளையோட பதில்" என்றேன். அவர் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு டீ வரவழைத்தார். நீ ருசி பார்க்கிற டீ இல்லை, வெறும் கழுநீர். முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

வேலையைக் கவனி. சர்க்கரை தின்றதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் அத்தா